பின்வருவோர்க்கு நாம் பட்ட கடன்

திருச்சிற்றம்பலம்



ஐப்பசித் திங்கள் முழுமதி நாளில் கங்கைகொண்ட சோழபுரத்தில் நிகழும் அன்னாபிடேகத்தை அன்பர்கள் பலரும் கண்டு தொழுதிருப்பீர்கள். 13 அடிக்கு மேல் உயர்ந்து விளங்கும் பிரகதீசுவரப் பெருமானின் திருமேனி முழுவதும் வெண்சோற்றால் மறைகின்ற காட்சி கண்ணை விட்டு அகலாதது. பூசனை நிறைவேறிய பின்னர் அச்சோறு வந்தோர்க்கெல்லாம் வழங்கப்பெறுகின்றது. ஒரு பகுதி நீர்நிலையிற் சேர்க்கப்பெற்று மீன் முதலிய உயிர்களுக்கும் உணவாகின்றது. யார் உண்பார் என்று பெயர் குறித்து அச்சோறு வடிக்கப்படுவதில்லை. வருகின்ற உயிர் எதுவாயினும் அதற்குரியது அது.

அவ்விழாவில் ஓராண்டு நாம் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கியபொழுது, இளைஞர் ஒருவர் நம்மை அணுகி வணங்கினார். அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவர் கேட்டது இது: “ஐயா, கோயிலைப் பின்னால் வருகிறவர்களுக்காகக் காக்க வேண்டும், ஏரியைக் காக்க வேண்டும், மண்ணைக் காக்க வேண்டும் என்று சொன்னீர்கள். என் பிள்ளைக்கு என்றால் புரிகிறது. பேரனுக்கு என்றாலும் புரிகிறது. ஆயிரம் வருடம் கழித்து வருகிறவன் யாரோ! இன்றைக்கு அவன் இல்லவே இல்லை. இல்லாதவனுக்கு நான் எப்படிக் கடன்காரன் ஆவேன்? எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே இந்தக் கல்லால்தான்.”

இவ்வினா குறும்பால் எழுந்ததன்று. உழைத்து உண்பவர் ஒருவரின் நெஞ்சிலிருந்து எழுந்தது. அன்று நேரம் கடந்துவிட்டமையால் நாம் கூறிய விடை அரைகுறையாயிற்று. எஞ்சிய விடையை இங்கே எழுதுகின்றோம்.

பிறவாதவர் இல்லாதவர் ஆகார்

இளைஞர் வினாவின் வேர், “அவன் இன்று இல்லை” என்னும் சொல்லில் இருக்கின்றது. உலகியல் நோக்கில் அச்சொல் மெய் போலத் தோன்றும். அயல்நாட்டு அறிஞர்களும் இவ்விடத்தில் இடர்ப்படுகின்றனர்: இன்னும் பிறவாத ஒருவனுக்கு உரிமை எவ்வாறு உண்டாகும் என்று அவர்கள் தம்முள் வழக்காடுகின்றனர். சைவ சித்தாந்தம் கற்றார்க்கோ இவ்விடர்ப்பாடு இல்லை.

பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது நம் சமயத்தின் அடிப்படை. இறைவன் என்று உளனோ அன்றே உயிர்களும் உள. குயவன் குடம் செய்வது போல இறைவன் உயிர்களைப் புதிதாகச் செய்வதில்லை. உள்ள உயிர்களுக்கே அவன் உடம்பைத் தருகின்றான். ஆகவே, ஆயிரம் ஆண்டு கழித்து இம்மண்ணில் பிறக்கப்போகும் உயிர் இன்றும் இருக்கின்றது. ஆணவ இருளில் செயலற்றுக் கிடக்கும் கேவல நிலையில் அஃது இருக்கலாம். வேறோர் உடம்பில் வினை நுகர்ந்துகொண்டும் இருக்கலாம். இன்னும் நம் கண்முன் வரவில்லை என்பதன்றி, இல்லை என்பது பொருந்தாது. வெளியூரில் இருக்கும் அண்ணன் ஊரில் இல்லை என்பதற்காக, அவர் பங்கு நிலத்தைத் தம்பி விற்றுத் தின்னலாமா?

அவ்வுயிர்க்கு என்ன தேவை? தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் மாயையினின்று தோற்றுவித்து உயிர்களுக்கு அளிக்கின்றான் என்று நம் ஆசிரியர்கள் கற்பித்தனர். உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழும் உலகமும், நுகரும் பொருள்களும் உயிர் மலம் நீங்கி மேம்படுவதற்காக அமைந்தவை. அவற்றுள் புவனம் என்பது ஒருவர்க்கே உரியதன்று. உடம்பு அவரவர்க்குத் தனி, உலகமோ பொது. ஒரு பள்ளிக்கூடத்தில் இவ்வாண்டு படிக்கும் மாணாக்கர், தாம் தேறிச் செல்லும்போது பலகையையும் கூரையையும் பிரித்து எடுத்துச் சென்றால், அடுத்த ஆண்டு வருவோர் எங்கே அமர்ந்து படிப்பர்?

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். “அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன். பின்வருவோர் வறட்சியில் வாடினால் அஃது அவர் வினை, நமக்கென்ன?” என்பது அத்தடை. வினைக்கொள்கையைத் தவறாக எடுத்தாள்வதில் இதனினும் பெரிய தவறு இல்லை. வழிப்போக்கன் பொருள் இழப்பது அவன் வினையாயினும், பறித்த கள்வனுக்குப் பழி இல்லாமற் போவதில்லை. அவன் இழப்பு அவன் வினைக்கணக்கில் கழியும். பறித்த செயல் கள்வனின் வினைக்கணக்கில் ஏறும். இரண்டும் வேறு வேறு ஏடுகள்.

இன்னொன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து இம்மண்ணில் நீர் தேடி அலைபவர் நாமாகவே இருத்தல் கூடும். பிறவி அறாதார்க்கு அது நேர்தல் இயல்பே. ஆயினும் இக்காரணத்தை நாம் பெரிதாக எடுத்துரைப்பதில்லை. தனக்கு வரும் என்று அஞ்சிச் செய்யும் அறம், உயிர் என்று இரங்கிச் செய்யும் அறத்தினும் தாழ்ந்தது.

கல்லில் பொறித்த வணக்கம்

பின்வருவோரைப் பற்றிய இவ்வெண்ணம் ஏட்டளவில் நின்றதன்று. நம் முன்னோர் அதனைக் கோயிற் சுவர்தோறும் கல்லில் வெட்டி வைத்தனர். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதித் திருக்கோயில்களிலும், சோழநாடு எங்கணும் உள்ள கோயில்களிலும் அறக்கட்டளை கூறும் கல்வெட்டுக்களைப் படித்துப் பார்ப்பவர், அவற்றின் இறுதியில் இரண்டு செய்திகளைக் காண்பர். ஒன்று, இவ்வறம் சந்திரனும் சூரியனும் உள்ள அளவும் நடக்க வேண்டும் என்பது. மற்றொன்று, இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடி தம் தலைமேல் ஆகுக என்பது.

இரண்டாவது செய்தியை அன்பர்கள் ஊன்றிக் கருதுதல் வேண்டும். கொடை அளித்தவர் அரசராகவோ அரசியாகவோ பெருஞ்செல்வராகவோ இருப்பார். அவர் யார் காலடியைத் தம் தலைமேல் வைத்துக்கொண்டார்? பெயர் அறியாத, முகம் அறியாத, குலம் அறியாத, இன்னும் பிறவாத ஒருவருடைய காலடியை! முந்நூறு ஆண்டு கழித்து அவ்விளக்கிற்கு நெய் வார்க்கும் யாரோ ஒருவரை, அரசர் அன்றே வணங்கிவிட்டார். அறத்தின் காவலை அடியார் திருக்கூட்டம் அனைத்திற்கும் ஒப்படைத்துப் ‘பன்மாகேசுவர இரட்சை’ என்றும் பொறித்தார். அத்திருக்கூட்டத்தில் இன்று கோயிலுக்கு வரும் நாமும் அடங்குவோம். கேளாமலே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வணக்கத்தையும் நாம் பெற்றுக்கொண்டோம். வணக்கத்தைப் பெற்றவர் காவலை மறுத்தல் முறையோ?

சாவா மூவாப் பேராடு

திருவிளக்குக் கட்டளை எவ்வாறு நடந்தது என்பதையும் காண்போம். அணையாது எரியும் விளக்கை நந்தா விளக்கு என்பர். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள் ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகளைக் கூறுகின்றன. அவ்வாடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தார். இவ்வாறு விடப்பட்ட ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

ஆடு சாவாதா? மூப்பு அடையாதா? ஒவ்வோர் ஆடும் மூத்துச் சாகும். ஆயினும் மந்தை சாவதில்லை. செத்ததற்கு ஈடாக அதன் குட்டியை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமற் காப்பது இடையர் கடமை. பெருகிய குட்டிகளும் பாலும் அவருக்குப் பயன்பட்டன. 96 என்னும் முதலில் அவர் கைவைத்தல் ஆகாது. பயனை உண்க, முதலை உண்ணற்க என்னும் நெறி ஓர் ஆட்டு மந்தையின் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது.

‘சிவன் சொத்து குலநாசம்’ என்று நம் ஊர்களிற் சொல்வதும் இதனையே. பலர் அதனைச் சாபம் என்று எண்ணி அஞ்சுவர். அஃது ஒரு கணக்கு என்பது நம் கருத்து. என்றும் பயன்தரும் பொதுப்பொருளின் முதலை ஒருவன் தின்றுவிட்டால், தின்றவன் வயிறு நிரம்பிவிடும். பயன் இன்றித் தவிப்பது அவனுக்குப் பின்வரும் குலம். ஆதலால் ‘குலம்’ என்றனர். கோயில் தெய்வத்தை என்றும் வயது நிரம்பாத சிறுவர்க்கு ஒப்பாகக் கருதி, அதன் சொத்தை நீதிமன்றங்கள் காக்கின்றன. தம் பொருளைத் தாமே வாதாடிக் காக்க இயலாமை பற்றி அவ்வாறு கொண்டனர். பின்வருவோரும் அவ்வாறே வாய் திறந்து வழக்காட இயலாதவர் அல்லரோ?

குட்டி போடாத கல்

இனி, இளைஞர் ஏற்றிச் செல்லும் கல்லுக்கு வருவோம். அக்கல் எங்கிருந்து வந்தது?

பெரம்பலூர், அரியலூர் நிலப்பகுதி ஒரு காலத்தில் கடலாய் இருந்தது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான நெடுங்காலத்தில், கடல் இந்நிலத்தின்மேல் பன்முறை ஏறி இறங்கியது என்று நிலநூலார் கூறுவர். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கல்லாய்ப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்திற் கிடக்கின்றது. 1940ஆம் ஆண்டில் நிலநூல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தார். ஆற்றுவெள்ளம் கடலில் கொண்டு சேர்த்த மரம் சேற்றிற் புதைந்து, அணு அணுவாய்க் கல்லாக மாறியது அது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ, அக்கடலில் வாழ்ந்த கிளிஞ்சல்களும் பிற உயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகளால் ஆயது. எண்ணிறந்த சிற்றுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்த்த சேமிப்பு எனலாம்.

அச்சேமிப்பை நாம் செலவழிக்கின்றோம். 1979ஆம் ஆண்டில் அரியலூரில் அரசுச் சிமெண்டு ஆலை தொடங்கியது. தனியார் ஆலைகளும் பலவாயின. அதனால் பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பு உண்டாயிற்று. அதனைக் குறை கூற நாம் வரவில்லை. நாம் வாழும் வீடும் சிமெண்டால் ஆயது. இந்நூலைப் படிக்கும் அன்பர் வீடும் அவ்வாறே இருக்கும். ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. ஆடு குட்டி போடும். கல் குட்டி போடாது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி ஒரு சுரங்கக் குத்தகையின் காலம் 50 ஆண்டு. சந்திர சூரியர் உள்ள அளவும் என்று எழுதிய மண்ணில், நாம் 50 ஆண்டு என்று எழுதுகின்றோம். ஐம்பது ஆண்டு கழித்து அங்கே கல் இராது; குழி இருக்கும்.

குழி கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக் காளவாயைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். தூய சுண்ணாம்புக்கல் 1000 கிலோவைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பே மிஞ்சும். எஞ்சிய 440 கிலோ எங்கே போயிற்று? கரியமிலவாயுவாகிக் காற்றிற் கலந்துவிட்டது. அக்கடற் சிற்றுயிர்கள் தம் ஓட்டுக்குள் அடக்கி வைத்ததை நாம் திறந்துவிடுகின்றோம். உலையை எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். உலக முழுவதும் மனிதர் வெளியிடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் தங்கி நின்று உலகை வெதுப்பும் என்று அறிவியலார் கண்டிருக்கின்றனர். ஆகவே ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர் யாரோ என்று நாம் கைகழுவ இயலாது. நம் கைச்செயல் அவர் வாசல்வரை செல்கின்றது. அவர் அதனை நுகரவும் போகின்றார்.

இடித்த இரண்டு இடங்கள்

அங்ஙனமாயின் கல்லையே தொடலாகாதோ? ஒன்றை இடித்தே ஒன்றைக் கட்ட வேண்டிய நிலை முன்னோர்க்கும் வந்தது. அரியலூர் மாவட்டத்திலேயே அதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன.

முதலாவது, கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி. மூவர் பெருமக்களாலும் பாடப்பெற்ற திருத்தலம். பங்குனியில் நந்தியெம்பெருமான் திருமணம் நிகழ்வது. அங்கே வைத்தியநாதப் பெருமானின் திருவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் இராசராச சோழர் 1013ஆம் ஆண்டளவில் ஆணையிட்டார். ஆணையிட்டவர் அம்மட்டில் நிற்கவில்லை. சுவரை இடிக்குமுன் அதில் இருந்த கல்வெட்டுக்களை எல்லாம் ஒரு புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னார். அவர் மைந்தர் இராசேந்திர சோழர் காலத்தில், அப்புத்தகத்தைப் பார்த்து அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. பழைய சுவர் போயிற்று. அச்சுவர் சுமந்த கடன் போகவில்லை.

இரண்டாவது, கங்கைகொண்ட சோழபுரம். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பெற்றபொழுது, அக்கோயிலின் திருமதிலும் பிற கட்டடங்களும் பிரிக்கப்பெற்று அக்கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஊரார் தடுத்தனர். தடுத்தவர்க்குக் கிடைத்தது தண்டனை. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் எடுத்துத் தருவோம் என்று அதிகாரிகள் வாக்களித்தனர். அவ்வாக்கு நிறைவேறவில்லை என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று வருந்துகின்றது.

கீழணையால் பயன் இல்லை என்று யாரும் கூறார். அதன் நீரால் விளைந்த நெல்லை இன்றும் உண்கின்றோம். பின்வருவோர்க்காகவே அதுவும் கட்டப்பட்டது. பிழை, கட்டியதில் இல்லை. எடுத்ததற்கு ஈடு செய்யாமையில் இருக்கின்றது. திருமழபாடியில் ஈடு முதலில் எழுதப்பட்டது; இடிப்புப் பின்னர் வந்தது. சோழபுரத்தில் இடிப்பு முதலில் வந்தது. ஈடு சொல்லளவில் நின்றது. இவ்விரண்டனுள் எவ்வழியில் நாம் செல்கின்றோம் என்பதே இன்று நம் முன் உள்ள வினா.

தடுத்து நின்ற அவ்வூராரை நாம் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர் பெயர் எதுவும் நமக்குத் தெரியாது. நம்மையும் அவர்க்குத் தெரியாது. அவர் போல எடுத்துரைப்பார் ஒருவரும் இல்லாதிருந்தால் விமானமும் மிஞ்சியிருக்குமோ, அறியோம். அன்று அவர் பட்ட அல்லல் இன்று நாம் தொழும் கோயிலுக்காக.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்த் திருக்குடமுழுக்கிற் பேசச் சென்றோம். திருப்பணியில், கல்வெட்டு இருந்த சுவர் ஒன்றின்மேல் சிமெண்டு பூசி வண்ணமும் அடித்திருந்தனர். முன்னர் அங்கே எழுத்துக்களைக் கண்டவர் நாம். ஆயினும் விழாவின் மகிழ்ச்சியைக் கெடுக்கலாகாது என்று வாளா இருந்துவிட்டோம். மாலை மரியாதையும் பெற்று வந்தோம். எந்த அறத்தைக் காப்பார் அடியைத் தலைமேற் கொள்வதாக ஒருவர் அச்சுவரில் எழுதியிருந்தாரோ, அவர் எழுத்தை மறைத்தவர்க்கு நாம் துணையானோம். பின்வருவோர்க்குச் செய்யும் தீங்கு பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது. பகையால் அன்று, வாய்திறவாமையால்.

செய்யத்தக்கன

அடியார் செய்யத்தக்கன யாவை? சுரங்கம் தோண்டுவோர், இறுதியில் நிலத்தை எவ்வாறு திருத்தித் தருவர் என்னும் திட்டத்தை முன்னரே எழுதித் தந்து, அதற்குப் பிணைத்தொகையும் கட்ட வேண்டும் என்று இன்றைய விதிகள் கூறுகின்றன. இது திருமழபாடிப் புத்தகம் போன்றது. புத்தகம் எழுதினால் மட்டும் போதாது. சுவரில் மீண்டும் வெட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியே காத்து மீண்டும் பரப்புதல், குழியின் கரையைச் சரித்து மரம் வைத்தல், தூய நீர் தங்கும் குழியை ஏரியாக்கி வாய்க்கால் இணைத்தல் ஆகியவற்றால் குட்டி போடாத கல்லுக்கு ஈடாக, ஆண்டுதோறும் பயன்தரும் நீரையும் நிழலையும் வைத்துச் செல்லலாம். பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடக்கும்போது நம் ஊரார் சென்று, எழுதியது நடந்ததா என்று பணிவோடும் உறுதியோடும் கேட்டல் வேண்டும். அக்கூட்டத்தில், பிறவாதவர்க்காகப் பேசுவோர் வேறு யார் உளர்?

ஏரிகளைக் காத்தல் அடுத்தது. கங்கை நீரைக் கொணர்ந்த வெற்றியின் நினைவாக இராசேந்திர சோழர் அகழ்ந்த சோழகங்கத்தை நீராலாகிய வெற்றித்தூண் என்னும் கருத்திலே திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. அதுவே இன்று பொன்னேரி எனப்படுவது. பல மைல் நீளம் கரை கொண்ட அப்பேரேரி, வரத்து வாய்க்கால்கள் பேணப்படாமையால் காலப்போக்கில் தூர்ந்து, அதன் உட்பகுதி காடாயிற்று. தூர்ந்தது ஒரே நாளில் அன்று. இவ்வாண்டு போகட்டும், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்று பல தலைமுறையினர் சொல்லியதால் தூர்ந்தது. நம் ஊர் ஏரியின் வாய்க்காலை அடைத்து வீடு கட்டுவோரும், கண்டு சும்மா இருப்போரும் அதே சொல்லைச் சொல்கின்றோம்.

கோயில் திருப்பணியில், கல்வெட்டுச் சுவரின்மேல் சிமெண்டு பூசாமையும், பழைய சுண்ணச்சாந்து உள்ள இடத்தில் அதனையே பயன்படுத்துதலும் வேண்டும். சுண்ணச்சாந்து இறுகும்பொழுது, சுட்டபோது கல் இழந்த வாயுவிற் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து திரும்பப் பெறும் என்பதும் அறியத்தக்கது. வயலிலும் ஓடையிலும் கிடைக்கும் கல்லுருவான சிப்பிகளையும் எலும்புகளையும் உடைத்தெறியாமல், அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தார்க்கு அறிவித்தல் நலம்.

இனி, அவ்விளைஞர்க்கு நாம் கூறத்தக்கது இவ்வளவே: தம்பி, உம் வீட்டு உலை கொதிக்கட்டும். இடையரும் பாலை உண்டார்; ஒருவரும் குறை கூறவில்லை. கல் எடுத்த குழி நிரம்பியதா, ஊர் ஏரிக்கு நீர் வருகிறதா என்று கேட்கும் உரிமை உமக்கு உண்டு; கடமையும் உண்டு. நீர் கேட்டால், ஆயிரம் ஆண்டு கழித்து ஐப்பசி முழுமதியில் இக்கோயிலில் சோறு பெற்று உண்பவர் உம்மை அறியமாட்டார். கங்கைகொண்ட சோழபுரத்து மதிலைக் காக்க நின்றவர்களை நீர் அறியாதது போல. ஆனால் அவர் உண்ணும் சோற்றில் உம் பங்கு இருக்கும். அதனை அறிபவன் ஒருவன் உளன்.

திருச்சிற்றம்பலம்